“நடுங்கியவன்” என்று இகழப்பட்ட வீரன்

போர்க்களத்தில் உயிர் நீத்த வீரனைப் போற்றுதல் எல்லா நாட்டு மக்களுக்கும் பொதுவான இயல்பு. கல் நாட்டியும், பாட்டுப் பாடியும், விழா எடுத்தும் அவன் பெயரை நிலைநிறுத்துவர். உயிரினும் பெரியதொன்றைக் கொடுத்தல் எவர்க்கும் இயலாது. ஆகலின், அதனைக் கொடுத்தவன் முன்னர் எக்குறை உடையவனாயிருந்தாலும், அக்குறை அவன் குருதியாற் கழுவப்பட்டுவிடும் என்பது உலகோர் கொள்கை. இக்கொள்கைக்கு மாறான நிகழ்ச்சி ஒன்று கிரேக்க வரலாற்றிற் காணப்படுகின்றது. பெருவெற்றி கிடைத்த ஒரு போரில், எல்லாரினும் முன்சென்று பகைவரைத் தாக்கி வீழ்ந்த ஒரு வீரனுக்கு அவன் நாட்டவரே சிறப்புச் செய்ய மறுத்தனர். அவ்வீரன் ஸ்பாட்டா நாட்டு அரிஸ்டொடெமஸ் என்பான். போர் நிகழ்ந்த இடம் பிளாட்டியா, ஆண்டு கி. மு. 479.

சிறப்பு மறுக்கப்பட்டமைக்குக் காட்டப்பட்ட காரணம் அம்மறுப்பினும் வியப்புக்குரியது. அவன் சாதலை விரும்பிப் போர் செய்தான். ஆதலால் அவன் செயல் சிறந்த வீரமாகாது என்பதே ஸ்பாட்டர் கூறிய தீர்ப்பு. வீரம் செய்கையில் உள்ளதா, செய்கையைத் தூண்டிய மனத்தில் உள்ளதா? மனத்தில் உள்ளதெனின், அம்மனத்தை அந்நிலைக்கு ஆளாக்கியோர் அதனை அளந்து தீர்ப்புக் கூறத் தகுதியுடையரா? அரிஸ்டொடெமஸின் கதை இவ்வினாக்களை எழுப்புகின்றது.

சான்று

இவ்வரலாற்றுக்கு முதன்மையான சான்று ஹெரோடோட்டஸ் எழுதிய நூலாகும். சின்ன ஆசியாவின் கரையிலுள்ள ஹாலிக்கர்னாசஸ் நகரிற் பிறந்த அவர், பாரசீகப் போர்களைக் கண்ணாற் கண்டவரல்லர்; ஆனால், அப்போர்களிற் பங்குகொண்டோரும் அவர்தம் மக்களும் உயிருடனிருந்த காலத்திற் செய்தி திரட்டியவர். ஸ்பாட்டாவைச் சேர்ந்த ஓர் ஊரிலே ஒருவரைச் சந்தித்து உரையாடியதாக அவரே தம் நூலிற் குறிப்பிடுகின்றார். தேர்மோப்பிலியில் மடிந்த முந்நூறு ஸ்பாட்டரின் பெயர்கள் அனைத்தையும் தாம் கேட்டறிந்ததாகவும் கூறுகின்றார்.

அவர் கூறும் யாவும் அவ்வாறே கொள்ளத்தக்கன அல்ல. பாரசீகப் பேரரசன் சேர்க்சஸ் கொண்டுவந்த கூட்டம், ஏவலாளர் முதலியோரையும் சேர்த்து ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்டது என அவர் தரும் கணக்கை இக்கால ஆராய்ச்சியாளர் எவரும் ஏற்பதில்லை. எனினும் அவரிடம் ஒரு பெருங்குணம் உண்டு. ஒரே நிகழ்ச்சி பற்றி இருவேறு செய்திகள் வழங்கின், இரண்டையும் எழுதிவைப்பார். பிறர் கருத்தொன்று, தம் கருத்து வேறொன்று ஆயின், அதனையும் மறையாது கூறுவார். அரிஸ்டொடெமஸின் கதையில் இவ்விரு பண்புகளும் விளங்கக் காணலாம்.

கணவாய்ப் போர்

கி. மு. 480 ஆம் ஆண்டின் கோடைக் கடைசியில் சேர்க்சஸின் படை வட கிரேக்கத்தைக் கடந்து தெற்கு நோக்கி வந்தது. மலைக்கும் கடலுக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்த தேர்மோப்பிலிக் கணவாயில் அதனைத் தடுத்து நிறுத்தக் கிரேக்கர் முடிவு செய்தனர். கணவாயின் இரு முனைகளிலும் ஒரு வண்டி செல்லத்தக்க அகலமே அக்காலத்தில் இருந்தது. இன்று ஆறுகள் கொணர்ந்த வண்டல் படிந்து கடல் சில மைல் பின்வாங்கிவிட்டதாகையால், அந்நிலத்தைக் காண்போர்க்கு அன்றைய நெருக்கம் புலப்படாது.

காவலுக்குச் சென்ற கிரேக்கப் படைக்கு ஸ்பாட்டா மன்னருள் ஒருவனாகிய லியோனிடாஸ் தலைமை தாங்கினான். அவனோடு சென்ற ஸ்பாட்டர் முந்நூற்றுவர். உயிருடனுள்ள ஆண்மக்களைப் பெற்றோரையே அவன் தெரிந்தெடுத்தான் என்பர். தந்தை மடியினும் குடி அழியாதிருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. ஆகவே அம்முந்நூற்றுவருள் ஒருவனான அரிஸ்டொடெமஸும் மகனுடையவனாதல் வேண்டும். பின்னர் நிகழ்ந்தவற்றை நோக்கும்போது இச்சிறு செய்தி மறக்கத்தக்கதன்று.

சேர்க்சஸ் நான்கு நாள் காத்திருந்து ஐந்தாம் நாள் தாக்கினான். இரு நாட் போரிலும் பாரசீகப் படை முன்னேற முடியவில்லை; பேரரசனின் தெரிபடையாகிய ‘அழியாதோர்’ படையும் தோற்றுத் திரும்பியது. அந்நிலையில் எபியால்ட்டஸ் என்னும் உள்ளூர்வாசி மலைமீது செல்லும் மறைவழியொன்றைப் பகைவர்க்குக் காட்டிக் கொடுத்தான். அவ்வழியைக் காத்துநின்ற ஆயிரம் போக்கியர் அம்பு மழைக்கு ஆற்றாது குன்றின்மேல் ஒதுங்க, பாரசீகர் அவர்களைப் பொருட்படுத்தாது கீழிறங்கினர். செய்தி அறிந்த லியோனிடாஸ் பிற கிரேக்கரை அனுப்பிவிட்டுத் தன் வீரருடன் நின்றான். தெஸ்பிய நகரத்தார் எழுநூற்றுவரும் தாமே விரும்பி உடனின்றனர். தீப்ஸ் நகரத்தார் நானூற்றுவர் மனமின்றி நிறுத்தப்பட்டனர் என்பது ஹெரோடோட்டஸின் கூற்று. மூன்றாம் நாட் போரில் லியோனிடாஸ் வீழ்ந்தான். ஈட்டி முறிந்தோர் வாளாலும், வாளிழந்தோர் கையாலும் பல்லாலும் போரிட்டு மாண்டனர்.

இப்போர் உலகப் புகழ் பெற்றது. லியோனிடாஸின் நினைவாக அங்குக் கற்சிங்கம் நாட்டப்பட்டது. ஆனால் முந்நூற்றுவருள் அரிஸ்டொடெமஸ் அன்று இறக்கவில்லை.

கண்ணோயுற்ற இருவர்

யூரிட்டஸ், அரிஸ்டொடெமஸ் என்னும் ஸ்பாட்டர் இருவர்க்கும் கடுமையான கண்ணோய் கண்டிருந்தது. லியோனிடாஸ் அவ்விருவரையும் பாசறையினின்று நீக்கி, கணவாயின் அருகேயுள்ள அல்பெனி என்னும் சிற்றூரிற் படுத்திருக்குமாறு அனுப்பிவிட்டான். கிரேக்கப் படைக்கு உணவுப் பொருள் பெறுதற்கென்று குறிக்கப்பட்டிருந்ததும் அவ்வூரே. ஆகவே அவர்கள் போர்முனையினின்று தப்பி ஓடினவரல்லர். தலைவன் ஆணைப்படி விலகியவர்.

பாரசீகர் மலைவழியாகச் சூழ்ந்துவிட்டனர் என்ற செய்தி அல்பெனியை எட்டியது. யூரிட்டஸ் தன் கவசத்தைக் கொண்டுவரச் செய்து அணிந்தான். பார்வை மங்கிய அவன், தன் ஏவலாளாகிய ஹெலொட் அடிமையை அழைத்துத் தன்னைப் போர்முனைக்குக் கைப்பிடித்து நடத்திச் செல்லுமாறு பணித்தான். அடிமை அவனைக் களத்தின் விளிம்பிற் கொண்டுபோய் விட்டு ஓடிவிட்டான். யூரிட்டஸ் கண் தெரியாத நிலையிலேயே போர்த்திரளினுட் புகுந்து உயிர் துறந்தான். அரிஸ்டொடெமஸ் மனந்தளர்ந்து பின்தங்கினான். பின்னர் ஸ்பாட்டாவுக்குத் திரும்பினான்.

அரிஸ்டொடெமஸ் மாத்திரம் நோயுற்றுத் திரும்பியிருப்பின், அன்றி இருவரும் சேர்ந்து திரும்பியிருப்பின், ஸ்பாட்டர் சினந்திருக்கமாட்டார் என ஹெரோடோட்டஸ் தம் கருத்தைக் கூறுகின்றார். ஒரே நோய், ஒரே விடுப்பு, ஒரே சாக்கு. அவற்றை ஒருவன் உதறிவிட்டான், மற்றவன் பற்றிக்கொண்டான். அரிஸ்டொடெமஸைக் குற்றவாளியாக்கியது அவன் செய்கையன்று, யூரிட்டஸின் செய்கையே. தன்னோடு ஒத்த ஒருவன் தன்னினும் உயர்ந்து நின்றமையால் ஏற்பட்ட பழி அது.

வேறொரு செய்தியும் வழங்கியது. அரிஸ்டொடெமஸ் மற்றொருவனுடன் பாசறையினின்று தூதாக அனுப்பப்பட்டான்; விரும்பியிருப்பின் போருக்குமுன் திரும்பியிருக்கலாம்; ஆனால் வழியிலே காலந்தாழ்த்து உயிர் பிழைத்தான்; உடன் சென்றவன் விரைந்து திரும்பி மடிந்தான் என்பது அச்செய்தி. இரண்டும் வேறுபட்டனவாயினும் அவற்றின் அமைப்பு ஒன்றே: இருவர் ஒரே நிலையில் இருந்தனர், ஒருவன் இறந்தான், ஒருவன் பிழைத்தான். ஊரார் மனத்திற் பதிந்து நின்றது அவ்வொப்பீடே என்பது இதனாற் பெறப்படும்.

பழி

ஸ்பாட்டாவுக்குத் திரும்பிய அரிஸ்டொடெமஸுக்குக் கிடைத்த தண்டனையை ஹெரோடோட்டஸ் சில சொற்களிற் கூறி முடிக்கின்றார். அடுப்பு மூட்ட அவனுக்கு ஒருவரும் நெருப்புக் கொடார். ஒருவரும் அவனோடு பேசார். ‘நடுங்கியவன்’ என்பது அவனுக்கு இடப்பட்ட பெயர். தீப்பெட்டி இல்லாத காலத்தில் அயல் வீட்டில் நெருப்பு வாங்குதல் அன்றாடத் தேவை. அதனை மறுத்தல், அவனை மாத்திரமன்றி அவன் வீட்டு அடுப்பையும் ஊரினின்று விலக்குதலாகும்.

கோழையெனப்பட்டோர் ஸ்பாட்டாவில் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்பதை, அந்நாட்டாரோடு நெருங்கிப் பழகிய செனபோன் என்னும் ஏதென்ஸ் நகரத்து அறிஞர் விரித்துரைக்கின்றார். பொது உணவுச்சாலையில் அவர்களை அருகிருத்த எவரும் நாணுவர். பந்தாட்டத்தில் அவர்களை எக்கட்சியும் சேர்க்காது. தெருவில் அவர்களே விலகி வழிவிடல் வேண்டும். இளையோர்க்கும் எழுந்து இடங்கொடுத்தல் வேண்டும். அவர்கள் வீட்டுக் கன்னியர் மணமின்றி வீட்டிலேயே இருப்பர். முகமலர்ச்சியோடு நடமாடுதலும் அவர்க்குத் தகாது. இத்தகைய வாழ்வினும் சாவே நன்று என அந்நாட்டார் கருதியதில் வியப்பில்லை என்று செனபோன் முடிக்கின்றார். ஐந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிந்திய புளூட்டாக், அவர்கள் ஒட்டுப்போட்ட ஆடை உடுத்து, தாடியின் ஒரு பாதியை மழித்துத் திரிதல் வேண்டும் என்றும், கண்டவர் அடிக்கலாம் என்றும் மேலும் கூறுவர். இவை யாவும் அரிஸ்டொடெமஸுக்கு நேர்ந்தன என்று துணிதல் பொருந்தாது. ஆயினும் அவன் எவ்வகை வாழ்வுக்குத் திரும்பினான் என்பதை அறிய இவை உதவுகின்றன.

இத்தகைய பழிக்கு ஆளானவன் அவனொருவனே அல்லன். முந்நூற்றுவருள் பந்திட்டெஸ் என்பவன் தெசாலிக்குத் தூதாக அனுப்பப்பட்டு அதனாற் பிழைத்தான் என்றும், ஸ்பாட்டாவில் அவமதிக்கப்பட்டுத் தூக்கிட்டு இறந்தான் என்றும் ஹெரோடோட்டஸ் கூறுகின்றார். மூவருள் யூரிட்டஸ் களத்தில் மடிந்தான்; பந்திட்டெஸ் கயிற்றில் மடிந்தான்; அரிஸ்டொடெமஸ் ஏறக்குறைய ஓராண்டு அப்பழியைச் சுமந்து உயிர் வாழ்ந்தான். அவ்வோராண்டும் வீரம் வேண்டிய காலமே என்பதை ஸ்பாட்டர் எண்ணியதாகத் தெரியவில்லை.

கேடயத்தின் கடமை

ஸ்பாட்டர் இத்துணைக் கடுமை காட்டியதற்குக் காரணம் அவர்தம் போர்முறையிலும் சமுதாய அமைப்பிலும் உள்ளது. கிரேக்கக் கவசக் காலாட்படையினர் தோளோடு தோள் நெருங்கி, வரிசை வரிசையாக நின்று போர் செய்வர். இடக்கையில் ஏந்திய பெரிய வட்டக் கேடயம் ஏந்தியவனின் இடப்புறத்தையும், அவனுக்கு இடப்பக்கத்தில் நிற்பவனின் வலப்புறத்தையும் காக்கும். ஒவ்வொருவனும் தன் காவலற்ற வலப்புறத்தை அடுத்தவன் கேடயத்துள் ஒடுக்க முயல்வதால், முழுப்படையுமே வலப்புறமாகச் சாய்ந்து நகரும் என்பது தூசிடைடஸ் கண்டெழுதிய உண்மை. தலைக்கவசத்தையும் மார்புக் கவசத்தையும் இழந்தவனை விட்டுக் கேடயத்தை இழந்தவனை ஸ்பாட்டர் இகழ்வதேன் என்ற வினாவுக்கு, முன்னவை அவனவன் தற்காப்புக்கு, கேடயமோ வரிசை முழுவதற்கும் உரியது என்று தெமாரட்டஸ் விடை கூறினானென்பர். ஒருவன் பின்வாங்கின் அழிவது அவன் மாத்திரமன்று. அவன் அயலவனும் அழிவான்.

அன்றியும், ஸ்பாட்டர் தம்மினும் பன்மடங்கு தொகையினரான ஹெலொட் அடிமைகளை அடக்கி, அவர் உழைப்பில் உண்டு வாழ்ந்தவர். பிளாட்டியாப் போருக்குச் சென்ற ஸ்பாட்டர் 5,000 பேர். ஒவ்வொருவனுடனும் ஏழு ஹெலொட்டுகள் சென்றனர் எனின், அவர்கள் தொகை 35,000. ஸ்பாட்டரின் ஏற்பாடுகளிற் பெரும்பாலான ஹெலொட்டுகளிடமிருந்து தம்மைக் காத்தற்கென்றே அமைந்தவை எனத் தூசிடைடஸ் கூறுவர். அச்சத்தால் ஆளும் சிறு கூட்டம் தன்னுள் ஒருவன் அஞ்சினான் என்பதைப் பொறுக்க இயலாது.

யூரிட்டஸை நடத்திச் சென்ற அடிமையையும் இங்கு நினைத்தல் தகும். அவன் பெயரை எவரும் எழுதவில்லை. அவன் ஓடிப்போனதைப் பழித்தவரும் இலர். தனக்கு உரிமையில்லாத நாட்டுக்காக உயிர்விடும் கடமை அவனிடம் எதிர்பார்க்கப்படவில்லை போலும். கண் தெரியாதவனைக் களம்வரை கொண்டுசென்ற அவனையும் கருதியே அன்றைய நிகழ்ச்சியை மதிப்பிடல் வேண்டும்.

பிளாட்டியா

அடுத்த ஆண்டு, கி. மு. 479 இல், பாரசீகத் தளபதி மார்டோனியஸை எதிர்க்கக் கிரேக்கப் படைகள் போயோசியா நாட்டுப் பிளாட்டியாவின் அருகே திரண்டன. லியோனிடாஸின் மகன் சிறுவனாயிருந்தமையால், அவனுக்குக் காவலனாயிருந்த பவுசானியஸ் தலைமை வகித்தான். அரிஸ்டொடெமஸும் ஸ்பாட்டர் அணியில் இருந்தான். ஊரார் பேச மறுத்தாலும் படையில் நிற்கும் கடமையினின்று அவனை நீக்கவில்லை என்பது இதனால் விளங்கும்.

இரு படைகளும் அசோப்பஸ் ஆற்றருகே பத்து நாளுக்கு மேல் எதிர் எதிரே கிடந்தன. பாரசீகக் குதிரைப்படை கிரேக்கர் நீர் பெற்ற கர்காபியா ஊற்றைக் கலக்கித் தூர்த்தது. உணவு வரும் மலைவழியையும் மறித்தது. வேறு வழியின்றிப் பவுசானியஸ் இரவோடிரவாக இடம்பெயருமாறு கட்டளையிட்டான். அப்போது அமொம்பரெட்டஸ் என்னும் ஸ்பாட்டப் படைப்பிரிவுத் தலைவன், அந்நியர் முன் பின்வாங்குதல் ஸ்பாட்டாவுக்கு இழுக்கு என்று கூறி அசைய மறுத்தான். பெருங்கல்லொன்றை இரு கைகளாலும் தூக்கிப் பவுசானியஸின் காலடியிற் போட்டு, ஓடாமைக்கு இதுவே தன் வாக்கு என்றான். அவ்வழக்கிலே இரவு கழிந்தது. விடிந்தபோது ஸ்பாட்டரும் தெகிய நகரத்தாரும் ஒருபுறமாகவும், ஏதென்ஸ் நகரத்தார் மற்றொரு புறமாகவும், ஏனையோர் வேறிடத்திலுமாகப் பிரிந்துபட்டனர். இதனைக் கண்ட மார்டோனியஸ் விரைந்து ஆற்றைக் கடந்து தாக்கினான்.

பாரசீகர் தம் பிரம்புக் கேடயங்களை வேலிபோல் நாட்டி, அவற்றின் பின்னின்று அம்பு பொழிந்தனர். பவுசானியஸ் போர்த்தொடக்கப் பலியிட்டு நிமித்தம் பார்த்தான், நற்குறி தோன்றவில்லை. குறி தோன்றும்வரை ஒருவரும் எழலாகாது. ஸ்பாட்டர் கேடயம் தாங்கியபடி இருந்தவிடத்திலேயே அம்பு பட்டு வீழ்ந்தனர். ஊர் முழுவதும் கோழை என்று கூறிய அரிஸ்டொடெமஸும் அவ்வணியில் இருந்தான். பவுசானியஸ் ஹேரா தேவியின் கோயிலை நோக்கி வேண்டிக்கொண்டிருந்தபோதே தெகியர் எழுந்து பாய்ந்தனர், பலிக்குறியும் நன்றாயிற்று, ஸ்பாட்டரும் முன்னேறினர். பிரம்பு வேலி சரிந்தது. தெமேத்தர் தேவியின் கோயிலருகே நெடுநேரம் கைகலந்த போர் நிகழ்ந்தது. மார்டோனியஸ் ஸ்பாட்டன் ஒருவன் கையால் மாண்டான். அவன் வீழவே பாரசீகப் படை உடைந்தோடியது. கிரேக்க நிலத்தைக் கைப்பற்றும் பாரசீகர் முயற்சி அன்றோடு முடிந்தது.

இப்போரில் அரிஸ்டொடெமஸ் தன் வரிசையை விட்டு நீங்கி, வெறிகொண்டவன்போலப் பகைவர் நடுவே பாய்ந்தான், பெருஞ்செயல்கள் புரிந்தான், அங்கேயே மடிந்தான். அவன் எத்துணைப் பேரைக் கொன்றான், எவர் கையால் இறந்தான் என்பன எழுதப்படவில்லை. அன்று போர் செய்தோருள் மிகச் சிறந்த வீரன் அவனே என்பது ஹெரோடோட்டஸின் துணிபு. அவனுக்கு அடுத்த நிலையில் பொசிடோனியஸ், பிலோக்கியோன், அமொம்பரெட்டஸ் என்னும் ஸ்பாட்டர் மூவரை அவர் வைக்கின்றார்.

தீர்ப்பு

போர் முடிந்தபின், களத்திற் சிறந்தவர் யார் என்ற பேச்சு எழுந்தது. அரிஸ்டொடெமஸ் பெருஞ்செயல் செய்தான் என்பதை ஸ்பாட்டர் எவரும் மறுக்கவில்லை. ஆனால் அவன் தன்மேலிருந்த பழி காரணமாகச் சாதலை விரும்பினான். வரிசையை விட்டுச் சென்றான். பொசிடோனியஸோ சாக விரும்பாதவனாயிருந்தும் வீரனாய் விளங்கினான். ஆதலால் பொசிடோனியஸே சிறந்தவன் என்று முடிவு செய்தனர். அப்போரில் இறந்தோருட் குறிப்பிடத்தக்கவர் அனைவர்க்கும் சிறப்புச் செய்யப்பட்டது; அரிஸ்டொடெமஸுக்கு மாத்திரம் இல்லை. அவர்கள் இதனைப் பொறாமையாலும் கூறியிருக்கலாம் என்பது ஹெரோடோட்டஸ் இடும் குறிப்பு.

தீர்ப்பை ஆராய்தல்

ஸ்பாட்டர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. வரிசையைக் காத்தற்கென்று ஏந்திய கேடயத்தை அரிஸ்டொடெமஸ் தனக்கென்று கொண்டுபோனான். தேர்மோப்பிலியில் அவன் வரிசைக்கு வரவில்லை. பிளாட்டியாவில் வரிசையிற் நில்லாது போனான். பின்னே தங்கினும் முன்னே பாயினும் அயலவன் வலப்புறம் காவலற்றதாகும் என்பது உண்மையே. உயிரை அருமையாகக் கருதியும் கடமைக்காக அதனைப் பணயம் வைப்பவன், உயிரை வெறுத்து எறிபவனிலும் உயர்ந்தவன் என்ற கருத்தும் ஆழமானது. வறுமையாலோ காதலாலோ துன்பத்தாலோ அவற்றினின்று தப்புதற்பொருட்டு இறத்தல் வீரனுக்கு உரியதன்று என அரிஸ்டோட்டிலும் பிற்காலத்திற் கூறினார்.

ஆயினும் அதே அரிஸ்டோட்டில், பழிக்கு நாணியும் சிறப்பை விரும்பியும் குடிமக்கள் காட்டும் வீரம், உண்மை வீரத்துக்கு மிக அண்மையது என்றும் வகுத்திருக்கின்றார். பழிக்கு நாணுதலே ஸ்பாட்டாவின் கல்வி முழுவதற்கும் அடிப்படை. சிறுவயது முதல் பழிக்கு அஞ்சவும் சாவுக்கு அஞ்சாதிருக்கவும் பழக்கியவர்கள், ஒருவன் பழிக்கு அஞ்சிச் செத்தபோது அவன் அவ்வாறு செய்தது குற்றம் என்பது முரண்பாடன்றோ? பொசிடோனியஸ் வாழ விரும்பினான் எனின், அவன் திரும்பிச் செல்ல ஒரு வீடு இருந்தது. பேச மனிதர் இருந்தனர். அடுப்புக்கு நெருப்பு இருந்தது. அரிஸ்டொடெமஸுக்கு இவை யாவற்றையும் மறுத்து, சாவு ஒன்றையே திறந்த வாயிலாக விட்டவர்கள், அவன் அவ்வாயிலிற் புகுந்ததைக் குறையாகக் கூறினர்.

வரிசையை விட்டமையே பெருங்குற்றம் எனின், அமொம்பரெட்டஸின் செய்கை எத்தகையது? அவன் தலைவன் ஆணையை நேரே மறுத்தான். இடம்பெயர்தல் விடியும்வரை தாமதித்தமைக்கு அவன் பிடிவாதமும் காரணம். ஆயினும் இறந்தபின் அவன் சிறப்புப் பெற்றான். பின்வாங்க மறுத்து ஆணை மீறியவனைப் போற்றி, முன்னேறி ஆணை மீறியவனைத் தள்ளியமையால், தீர்ப்பு செய்கையைப் பற்றியதன்று, ஆளைப் பற்றியது என்ற ஐயம் வலுப்பெறுகின்றது. ஹெரோடோட்டஸ் பொறாமையைச் சுட்டியதும் வீணன்று. ஓராண்டு முழுவதும் தாம் கோழையென்று ஒதுக்கியவனே தம் அனைவரிலும் சிறந்த வீரன் என ஒப்புக்கொள்ளின், ஒதுக்கியது தவறென்றும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். அதற்கு அவர்கள் துணியவில்லை.

பிற்கால வரலாறு இத்தீர்ப்பின் வலிமையை மேலும் குறைக்கின்றது. கி. மு. 425 இல் ஸ்பாக்டீரியாத் தீவில் ஸ்பாட்டாவின் படையினர் 292 பேர் ஏதென்ஸ் படையிடம் உயிருடன் சரணடைந்தனர். அவர்களுள் ஏறக்குறைய 120 பேர் ஸ்பாட்டாவின் முழுக் குடிமக்கள். நாடு திரும்பியபின் அவர்களுடைய உரிமைகள் சில பறிக்கப்பட்டன. சில காலத்தின் பின் திருப்பி அளிக்கப்பட்டன. கி. மு. 371 இல் லியூக்ட்ராப் போரில் ஸ்பாட்டக் குடிமக்கள் 700 பேருள் 400 பேர் மடிய, பிழைத்தோர் பலர்மேற் கோழைமைக் குற்றம் சார்ந்தது. அவர்களைத் தண்டிப்பின் நாடு தாங்காது என்றறிந்த மன்னன் அகெசிலாஸ், சட்டங்கள் அன்றொரு நாள் உறங்கட்டும் என்று வழிகூறினான் எனப் புளூட்டாக் எழுதுவர். பலர் செய்தபோது உறங்கிய சட்டம், ஒருவன் செய்தபோது விழித்திருந்தது. அரிஸ்டொடெமஸின் குற்றம் அஞ்சியதிலும், தனியனாய் அஞ்சியதிலேயே மிகுதியாக இருந்தது எனலாம்.

முடிவு

அரிஸ்டொடெமஸை மாசற்றவன் எனக் காட்டுதல் வரலாறாகாது. அல்பெனியில் யூரிட்டஸ் கவசம் அணிந்தபோது இவன் உள்ளம் தளர்ந்தது உண்மை. அன்று தளர்ந்த அதே மனிதன் ஓராண்டின் பின் அத்துணைப் பெரும் படையினுள் முதல்வனாய் நின்றான் என்பதும் உண்மை. ஒரு மனிதனின் ஒரு நாளைக் கொண்டு அவன் முழு வாழ்வையும் அளந்து பெயரிடுதல் எத்துணைத் தவறு என்பதற்கு இவ்விரண்டு உண்மைகளும் சான்றாகின்றன. வீரன், கோழை என்பன பிறவியிலேயே பொறிக்கப்படும் முத்திரைகள் அல்ல; ஒரே நெஞ்சில் வெவ்வேறு காலங்களில் எழும் நிலைகள். பெயரிட்டு ஒதுக்கும் சமுதாயம், ஒதுக்கப்பட்டவன் திருந்தி வரும்போது ஏற்றுக்கொள்ளும் வழியையும் வைத்திருத்தல் வேண்டும். ஸ்பாட்டா அவ்வழியை வைக்கவில்லை. ஆகவே அவன் தன் இறுதிப் பொருளாகிய உயிரைக் கொடுத்தும் கடன் தீராதவனாயினான்.

அவன் மகன் என்ன ஆனான் என்பது எழுதப்படவில்லை. பொசிடோனியஸுக்குச் செய்யப்பட்ட சிறப்புகளும் கல்லும் மண்ணுமாய் மறைந்தன. ஸ்பாட்டரின் தீர்ப்பைக் கேட்டு, அதனை மறையாது எழுதி, தம் மாறுபட்ட கருத்தையும் அதனருகே எழுதிவைத்த வரலாற்றாசிரியர் ஒருவரால் அரிஸ்டொடெமஸின் பெயர் ஏறக்குறைய இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக நிற்கின்றது. நாடு மறுத்ததை நூல் கொடுத்தது. வென்றோர் கூறிய தீர்ப்பை மீண்டும் விசாரித்தற்கு வாய்ப்பளித்தல் வரலாற்றுக் கல்வியின் பயன்களுள் ஒன்று என்பதை இக்கதை நன்கு புலப்படுத்துகின்றது.